பழகிய கைக்கும் பள்ளிக்கூடமா?

நம் தமிழ்ச் சங்கத்து வாயிலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்து நிற்கும் வாகனங்களை எண்ணிப் பார்ப்பது நமக்கு நெடுநாளைய பழக்கம். எம் தந்தையார் இந்த நாகபுரிக்கு மாற்றலாகி வந்த காலத்தில் அங்கே சைக்கிள்களே சுவரோரம் சார்த்தி வைக்கப்பட்டிருக்குமாம். நடுவே அன்றைய செயலாளரின் ஸ்கூட்டர் ஒன்று கோயில் யானையைப் போலத் தனித்து நிற்குமாம். இன்றோ சைக்கிளைக் காண்பதே அரிது. சென்ற பொங்கல் விழாவன்று மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களுமாக நாற்பத்திரண்டு வரை எண்ணினோம். அதற்குள் பந்திக்கு அழைப்பு வந்துவிட்டமையால் எண்ணிக்கை அத்துடன் நின்றுபோயிற்று.

அன்றுதான் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. படையில் மோட்டார் சைக்கிள் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், நகருக்கு வெளியேயுள்ள மைதானத்தில், ஏற்கெனவே லைசென்ஸ் பெற்று வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இரண்டு நாள் மேற்பயிற்சி அளிக்கிறார். சங்க அன்பர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. விருப்பமுடையோர் பெயர் கொடுக்கலாம். தாளில் இருந்த செய்தி இவ்வளவே. ஆனால் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் தொடங்கிய வாதம் விளக்கு வைத்த பின்னும் ஓய்ந்தபாடில்லை. அரசியலைப் பற்றிக்கூட நம் சங்கத்தில் இத்துணைச் சூடாக வாதம் நடந்து நாம் கண்டதில்லை.

முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புல்லட் ஓட்டுகிறவர்; நாம் அனைவரும் பெரியப்பா என்றே அவரை அழைப்போம். “பழகிய கைக்கும் பள்ளிக்கூடமா? முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு முறை கீழே விழுந்ததுண்டா என்று கேளுங்கள். விழாதவன் எதற்குப் பாடம் கேட்க வேண்டும்? நான் ஓட்டத் தொடங்கியபோது அந்த வாத்தியார் பிறந்திருப்பாரோ என்னவோ!” என்றார் அவர்.

அடுத்தாற்போல், கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் எழுந்தார். மேனாட்டுப் பந்தய வீரர்கள் வளைவில் வண்டியைச் சாய்ப்பது எப்படி என்று கற்பிக்கும் படங்கள் யாவும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன என்றும், தாம் அவற்றை இரவெல்லாம் பார்த்துத் தேர்ந்துவிட்டதாகவும், இதற்கெனப் பணம் கட்டுவது வீண் என்றும் அவர் கூறினார். கூட்ஸ் ஷெட்டு எழுத்தர் நண்பரோ வேறு வகையில் சீறினார்: “முழங்காலை ரோட்டில் உரசிக்கொண்டு போகிற வித்தை நமக்கு எதற்கு, ஐயா? நாம் ஓட்டுவது வீட்டுக்கும் ஆபீசுக்கும். குற்றம் சாலையில் இருக்கிறது. முதலில் பள்ளத்தை மூடச் சொல்லுங்கள். எதிர்ப்புறமாக வருகிற ஆட்டோவைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு எனக்குப் பாடம் நடத்தலாம்.”

இவர்களுக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தவர், முன்னமே அப்படியொரு வகுப்புக்குப் பூனா வரை சென்று வந்த அன்பர். நாகபுரியின் மே மாத வெயிலிலும் தோல் அங்கியைக் கழற்றாதவர். பயிற்சி பெறாதவர்கள் சாலைக்கு வரவே உரிமையற்றவர்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்னவற்றில் பாதி நியாயமே. எனினும் அவர் சொன்ன தோரணையினாலேயே நான்கு பேர் பெயர் கொடுக்காமல் எழுந்து போயினர். கற்றவர்கள் கற்றதைச் சொல்லும் விதத்தினால் கல்விக்கே பகை தேடித் தருவது புதிய செய்தியன்று.

எல்லோரையும்விடப் பொருத்தமான கேள்வியைக் கேட்டவர் மருத்துவமனைச் செவிலியான சகோதரி ஒருவர். இரவு முறை முடித்து விடியற்காலையில் தனியே ஸ்கூட்டரில் திரும்புகிறவர். “அண்ணா, அங்கே சொல்லிக்கொடுப்பது எல்லாம் பெரிய வண்டிக்குத்தானா? புடவை கட்டிக்கொண்டு, முன்னால் காய்கறிப் பை, பின்னால் குழந்தை, இப்படி ஓட்டுகிறவளுக்கும் பாடம் உண்டா?” என்று அவர் கேட்டார். அதற்கு அன்று யாராலும் விடை கூற இயலவில்லை.

நாம் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறோம்.

நம் அலுவலகப் பணியைப் பற்றி இங்கே ஓரிரு சொற்கள் கூறுவது பொருந்தும். ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சிப் பள்ளிக்குச் சென்று பழைய பாடங்களைப் புதுப்பித்து வர வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. யாருக்கு எப்போது கெடு முடிகிறது என்று பட்டியல் எழுதி அனுப்புவது நம் மேசையின் வேலைகளுள் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகள் மெயில் வண்டி ஓட்டியவராயினும் கெடு வந்ததும் பெட்டி படுக்கையுடன் புறப்பட வேண்டியதே. முணுமுணுப்பார்கள், ஆனால் போவார்கள். மற்றொரு விதியும் உண்டு. ஒரு பாதையில் மூன்று மாதங்களுக்கு மேல் வண்டி ஓட்டாமல் இருந்தவர், அங்கே மீண்டும் பொறுப்பேற்குமுன் இன்னொருவருடன் சென்று அப்பாதையை மறுபடியும் பார்த்துப் பழகி வரவேண்டும். எந்த வளைவுக்கு அப்பால் எந்தக் கைகாட்டி, எங்கே இறக்கம், எங்கே வேகக் கட்டுப்பாடு என்பன நினைவிலிருந்து நழுவியிருக்கும் என்பதே காரணம்.

இத்தனைக்கும் ரயில் தண்டவாளத்தை விட்டு இப்பாலோ அப்பாலோ திரும்ப இயலாத வண்டி. இரு சக்கரங்களின் மேல், எத்திசையிலும் விழக்கூடிய வண்டியை ஓட்டுகிற நாமோ, பதினெட்டு வயதில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினோம். அத்துடன் நம் படிப்பு முடிந்தது. அந்த எட்டைப் போடும் வேகத்தில் சாலையில் சென்றால் பின்னால் வருகிற வண்டிகள் நம்மை வைதே தீர்க்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் எதிரே எருமை குறுக்கிட்டால் செய்ய வேண்டியது யாது என்பதை அந்த எட்டு நமக்குக் கற்பிக்கவில்லை.

2022ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதாவது ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். இவர்களில் பந்தய வீரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலோர் நம் கூட்ஸ் ஷெட்டு நண்பர் கூறியதுபோல வீட்டுக்கும் ஆபீசுக்கும் சென்றவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் விபத்துகளைக் குறித்து உலகில் நடந்த ஆராய்ச்சிகளுள் பெயர் பெற்றது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது. ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் தம் குழுவினருடன் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தார். அவற்றோடு 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தார். 1981இல் வெளியான அவருடைய அறிக்கை இரு கட்சியினருக்கும் ஆயுதம் தருவது. விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு வேறு வாகனத்துடன் மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில் பிழை மற்ற வாகன ஓட்டியுடையது என்று அது கூறுகிறது. பார்த்தீர்களா, நம் மீது குற்றமில்லை என்று கூட்ஸ் ஷெட்டு நண்பர் இங்கே மேசையைத் தட்டலாம்.

ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். ஆபத்து தோன்றியது முதல் மோதும் வரை அந்த ஓட்டுநருக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த அவகாசத்தில் அவர்களிற் பலர் செய்தது என்ன? பின் பிரேக்கை அளவு கடந்து மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர். உண்மையில் வண்டியை நிறுத்தவல்ல முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. விலகிச் செல்லும் திறன் பெரும்பாலோரிடம் அறவே காணப்படவில்லை. விபத்துக்கு உள்ளானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ கற்றவர்கள். இந்த இறுதி எண்ணை மட்டும் சற்று எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பள்ளிக்குச் சென்றோரே அரிதான நாளில், விழுந்தவர்களில் பள்ளிக்குச் செல்லாதோர் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை அன்றோ? பின் பிரேக்கைப் பற்றிய செய்தி அப்படிப்பட்டதன்று. அது நம்மைச் சுட்டது.

ஏன் என்பதை இனிச் சொல்லலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், எம் மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, நாமும் எம் இல்லத்தரசியும் சிந்துவாடா செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். தூறல் விட்டிருந்தது; மலையேறும் இடத்தில் காடு பச்சைப் பசேலென்றிருந்தது. வேகம் ஐம்பதுக்கு மேல் இல்லை. இடப்புறம் திரும்பும் வளைவொன்றில் எதிரே ஒரு லாரி திடீரெனத் தோன்றியது. அதைக் கண்டதும் கால் பின் பிரேக்கை அழுத்தியது. சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி பாம்பைப் போல் நெளிந்து சாலை விளிம்பின் சரளையில் சரிந்தது. நமக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. அவருக்கு இடக்கை மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. லாரி ஓட்டுநரே இறங்கி ஓடி வந்து அவரைத் தூக்கி அமர்த்தித் தண்ணீர் கொடுத்தார். இன்றும் மழை பிடித்தால் அந்தக் கை வலிக்கிறது. அன்று முதல் அவர் நம் வண்டியின் பின்னால் அமர்ந்ததில்லை. கேட்டால் ஏதேனும் வேலை இருப்பதாகக் கூறுவார்.

நண்பர்களிடமும் உறவினரிடமும், ஊரிலிருந்து பதறிப் பேசிய மாமனாரிடமும், லாரிக்காரன் நம் பக்கத்துக்கு ஏறி வந்துவிட்டான் என்றே நாம் சொல்லி வந்தோம். சொல்லச் சொல்ல அதுவே நினைவாகிவிட்டது. சங்கத்து வாதத்தின்போது நாம் மௌனமாக இருந்ததன் காரணம் இதுவே. வீடு திரும்பும்போது அறிவிப்புப் பலகைத் தாளில் நம் பெயரை எழுதிவிட்டு வந்தோம்.

மைதானத்தில் நாங்கள் கூடியவர்கள் பன்னிருவர். பயிற்றுநர் மெலிந்த உடல், உரத்த குரலில்லை. வீரம் பேசுவார் என்று எதிர்பார்த்த இளைஞர்கள் ஏமாந்தனர். முதற்காரியமாக அவர் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் ஒவ்வொருவரும் தம் வழக்கப்படி பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். நாம் நின்ற இடத்தை அளந்தபோது பதினெட்டு மீட்டர் வந்தது. பின் சக்கரம் இழுத்த கறுப்புத் தடம் மைதானத்தில் நெடுகத் தெரிந்தது. “முன் பிரேக்கை ஏன் தொடவில்லை?” என்றார். தொட்டால் தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று பதினெட்டு வயதில் எவரோ சொன்னது நினைவு வந்தது. பன்னிருவரில் எண்மர் அதையே கூறினர்.

பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? பிரேக் பிடிக்கையில் மோட்டார் சைக்கிளின் பாரமும் அவ்வாறே முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் ஏறிய சக்கரம் தரையை இறுகப் பற்றும். பாரம் குறைந்த பின் சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் அதை வெடுக்கென்று பிடிக்கலாகாது. பாரம் முன்னே வந்து அமரும்வரை மெல்லத் தொடங்கி, பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கேட்டால் எளியதுதான். கை அதைத் தானாகச் செய்வதற்கு அன்று பிற்பகல் முழுவதும் ஆயிற்று. கடைசியாக அளந்தபோது நாம் பத்து மீட்டருக்குள் நின்றோம். இடையிலுள்ள எட்டு மீட்டரை மறுபடி மறுபடி காலடியால் அளந்து பார்த்தோம். அது ஒரு லாரியின் நீளம்.

2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பும் கட்டாயமாயின. நம் வண்டி அதற்கு முந்தியது. புதிய வண்டி வைத்திருந்த இளைஞர் ஒருவர் இதைப் பெருமையுடன் எடுத்துக்காட்டினார். அந்தக் கருவி சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளுமேயன்றி, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று உங்களுக்காக எட்டிப் பார்க்காது என்று பயிற்றுநர் பதில் சொன்னார்.

அன்று பெரும் நகைப்புக்கு இடமளித்த பாடம் ஒன்று உண்டு. ஓடுகிற வண்டியை வலப்புறம் சாய்த்துத் திருப்ப வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது, கணநேரம் சக்கரத்தை இடப்புறமாகத் திருப்ப வேண்டும் என்றார். எவரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னதே உண்மை. நாம் அனைவரும் இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் செய்து வந்திருக்கிறோம், செய்வது அறியாமல்! ஆகாய விமானம் கண்ட சகோதரர்களில் ஒருவரான வில்பர் ரைட், சைக்கிள் வியாபாரியாக இருந்தவராதலின், இதை அக்காலத்திலேயே கவனித்திருக்கிறார். அறியாமல் செய்வது அமைதியான நேரத்துக்குப் போதும். எருமை குறுக்கிடும் இரண்டு வினாடியில் அறிந்து செய்ய வேண்டியிருக்கிறது. ஹர்ட் ஆராய்ந்த ஓட்டுநர்களிடம் இல்லாதிருந்த திறன் இதுவே.

இரண்டாம் நாள் சாலைப் பாடம். இதன் மூலம் இங்கிலாந்துப் போலீசாரின் முறையில் இருக்கிறது. 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் லண்டன் போலீஸ் வாகனங்கள் விபத்துக்குள்ளாவது மிகுந்தமையால் ஹெண்டனில் அவர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே வளர்ந்த முறை பின்னர் ‘ரோடுகிராப்ட்’ என்ற பெயரில் 1955இல் நூலாக வெளிவந்தது. மறு ஆண்டே பொது மக்களுக்கும் அத்தகைய தேர்வை நடத்துவதற்கென ஒரு சங்கம் அந்நாட்டில் தோன்றியது. முறையின் சாரம் இதுதான்: முதலில் சாலை தரும் செய்திகளைப் படி, பிறகு உரிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள், பிறகு வேகத்தைச் சரிசெய், பிறகு கியர், பிறகே முடுக்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: உன் பக்கத்தில், உன் கண்ணுக்குத் தடையின்றித் தெரிகிற தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே எப்போதும் செல்.

அரேபிய லாரன்ஸ் என்று உலகம் அறிந்த ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மாண்டது மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். பல்லாண்டு பழகியவர், தம் வண்டியைக் குதிரையைப் போல் நேசித்தவர். கிராமச் சாலையில் இருந்த ஒரு தாழ்வு, எதிரே சைக்கிளில் சென்ற இரு சிறுவரை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. அவர்களைத் தவிர்க்க விலகியபோது வீழ்ந்தார். அவரைக் கவனித்த மூளை அறுவை மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் பின்னர்த் தலைக்கவசத்தைப் பற்றி ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். நாம் இன்று சலித்துக்கொண்டே அணியும் தலைக்கவசத்துக்கும் அந்தச் சாவுக்கும் உறவு உண்டு.

வளைவுப் பாடத்தின்போதுதான் நம் உள்ளம் இடிந்தது. வளைவில் சாலையின் இரு ஓரங்களும் சேர்ந்துவிடுவதுபோல் தோன்றுகிற புள்ளி ஒன்று உண்டு. அது நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும். விலகி விலகிச் சென்றால் சாலை திறக்கிறது. கண் அந்தப் புள்ளியிலேயே, போக வேண்டிய இடத்திலேயே, இருக்க வேண்டும். ஏனெனில் கண் எங்கே நிலைக்கிறதோ வண்டி அங்கேயே செல்லும். பயிற்றுநர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், சிந்துவாடாச் சாலையின் அந்த வளைவு நம் கண்முன் அப்படியே வந்து நின்றது. லாரி தன் பக்கத்தில்தான் வந்தது. சாலையின் நடுவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது நாம். லாரியையே வெறித்துப் பார்த்தோம்; வண்டி அதனை நோக்கி இழுபட்டது; அஞ்சிக் காலை மிதித்தோம். மூன்றாண்டுகளுக்கு மேலாக ஒரு முகமறியாத மனிதர் மீது, அதுவும் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தவர் மீது, பழி சுமத்தி வந்திருக்கிறோம்.

இப்படியெல்லாம் எழுதுவதால், வகுப்புக்குச் சென்றவர் யாவரும் காப்பாற்றப்பட்டுவிடுவர் என்று நாம் கட்சி பேசுவதாக அன்பர்கள் கருதலாகாது. பெரியப்பாவின் ஐயத்துக்கும் ஆராய்ச்சியின் துணை உண்டு. 1979இல் நார்வே நாட்டில் இளம் கார் ஓட்டிகளுக்கு வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்கும் சாலைகளில் அதிகமாக விபத்துக்குள்ளானது தெரிந்தது. கற்றுவிட்டோம் என்ற துணிவே காலனாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக லைசென்ஸ் பெற்ற மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சாலையில் உடன் சென்று பயிற்சி அளித்தனர். 2016இல் வெளியான முடிவுப்படி விபத்து குறைந்ததற்குச் சான்றில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் தன்னம்பிக்கையும் வேகமும் கூடியிருந்தன. இத்துறை ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து 2010இல் வெளிவந்த மதிப்புரை ஒன்றும், இருக்கும் சான்றுகளைக்கொண்டு பயிற்சியால் விபத்து குறைகிறது என்றோ இல்லை என்றோ உறுதி கூற இயலாது என்றே முடித்தது.

இதை நாம் பயிற்றுநரிடமே கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. “உண்மைதான். வளைவில் சாய்க்க மட்டும் கற்றுக்கொண்டு போகிறவன் முன்னைவிட வேகமாகப் போவான். எங்கே பார்க்க வேண்டும், எப்போது மெதுவாகப் போக வேண்டும் என்று கற்றவனைப் பற்றித்தான் எனக்கு நம்பிக்கை. இரண்டு நாளில் இரண்டாவது வகையை உண்டாக்க முடியுமா என்று கேட்டால், எல்லோரையும் முடியாது,” என்றார். தோல் அங்கி அன்பரை நாம் நினைத்துக்கொண்டோம்.

நாம் கற்றவற்றுள் பெரும்பாலானவை அற்பமாகத் தோன்றும் செய்திகளே. லாரிக்குப் பின்னால் ஒட்டிச் செல்லாமல் இடைவெளி விடுவது. பேருந்து நிற்கும் இடத்தில் அதன் முன்புறத்திலிருந்து ஆள் வருவார் என்று எதிர்பார்ப்பது. மழையில் வழுக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காமலிருப்பது. சாலைப் பள்ளத்துக்கும் பாடம் உண்டு: பள்ளத்தைப் பார்க்காதே, பள்ளத்துக்குப் பக்கத்திலுள்ள நல்ல தரையைப் பார். கூட்ஸ் ஷெட்டு நண்பரிடம் இதைச் சொன்னோம். பள்ளம் மூடப்படும் வரைக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி அளித்தார்.

செவிலிச் சகோதரியின் கேள்வியையும் பயிற்றுநரிடம் எடுத்துச் சென்றோம். இதுவரை ஸ்கூட்டரில் வந்து கேட்டவர் எவருமில்லை என்றும், பத்துப் பேர் சேர்ந்தால் அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குவதாகவும், காய்கறிப் பையுடனும் புடவையுடனுமே வரலாம் என்றும் அவர் கூறினார். நம் எண்ணத்தில் அந்த ஒரு நாளே மற்ற வகுப்புகள் யாவற்றினும் மேலானது. லடாக்குக்குச் செல்லும் இளைஞர் பயிற்சியைத் தாமே தேடிப் போவார். விடியற்காலை நாலரை மணிக்குத் தெருநாய்களுக்கு இடையே ஸ்கூட்டரில் வருகிறவரைத் தேடிப் பயிற்சிதான் வர வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை வீட்டுக்கு வந்ததும் எம் இல்லத்தரசியிடம் வளைவுப் பாடத்தைச் சொன்னோம். லாரி தன் பக்கத்தில்தான் வந்தது என்பதையும் சொன்னோம். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“தெரியும். அன்றைக்கே நான் பின்னாலிருந்து பார்த்தேனே,” என்றார்.

“பிறகு ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லை. எல்லோரிடமும் நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.”

ஸ்கூட்டர் வகுப்புக்கு இதுவரை ஏழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. செவிலிச் சகோதரியின் பெயருக்கு அடுத்ததாக எம் இல்லத்தரசியின் பெயர் இருக்கிறது. மணிக்கட்டு ஒத்துழைக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இன்னும் மூவர் வேண்டும். சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மைதானத்தில் எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள் என்று பெரியப்பா நேற்று நம்மிடம் விசாரித்தார். வேடிக்கை பார்க்கத்தானாம்.